வீட்டுக் கணினி: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும்



2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது கணினி நம் வீடுகளில் அத்தியாவசியப் பொருளானது. 2022இல் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது அதே கணினி எட்டாத பொருளானது. இன்றும் நம்மில் பலரது வீட்டில் இருப்பது ஒரேயொரு கணினிதான். வாப்பாவின் கணக்கு, நானாவின் விண்ணப்பம், தங்கையின் ஒப்படை, நமது உயர்தரப் பாடம் எல்லாம் அதில்தான். அது பழுதானால் முழு வீடும் தடுமாறும். ஆகவே அதைப் பற்றி அறிந்திருப்பது தகவல் தொழில்நுட்பப் பாடம் எடுப்பவர்களின் வேலை மட்டுமல்ல.

தேவையை முதலில் எழுதுங்கள்

கடைக்குப் போகுமுன் கணினியில் என்ன செய்யப் போகிறோம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கட்டுரை தட்டச்சு, இணைய வகுப்பு, பைதன் நிரல், தரவுத்தளப் பயிற்சி ஆகியவைதான் பட்டியல் என்றால் 8 ஜிபி ரெம்மும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் தாராளமாகப் போதும். விளையாட்டுக்கென விற்கப்படும் விலை கூடிய கிராபிக்ஸ் அட்டை தேவையில்லை. மிஞ்சும் பணத்தில் நல்ல திரையும் கைக்கு இதமான விசைப்பலகையும் வாங்கலாம். நாள்தோறும் கண்ணும் கையும் படுவது அவற்றில்தானே.

ஸ்டிக்கரை மட்டும் நம்ப வேண்டாம்

பாவித்த கணினி வாங்குவதில் வெட்கமில்லை. ஆனால் "ஐ7" என்ற ஸ்டிக்கரைக் கண்டதும் மயங்கக் கூடாது. அதற்குப் பின்னால் வரும் இலக்கமே தலைமுறையைச் சொல்கிறது. ஐ7-3770 என்பது 2012இல் வந்த மூன்றாம் தலைமுறை. ஐ5-8400 என்பது எட்டாம் தலைமுறை. பெயரில் ஐ7 பெரிதாகத் தெரிந்தாலும் விண்டோஸ் 11க்குத் தகுதி பெறுவது இரண்டாவதுதான். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டதால் இந்த வேறுபாடு இப்போது மிக முக்கியம்.

மடிக்கணினியாயின் விற்பவர் முன்னிலையிலேயே சார்ஜரைக் கழற்றிவிட்டு அரை மணிநேரம் ஓடவிட்டுப் பாருங்கள். எல்லா விசைகளையும் அழுத்துங்கள். கெமரா, ஒலிவாங்கி, யுஎஸ்பி துளைகள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். அடிப்பக்கம் உப்பியிருந்தால் மின்கலம் வீங்கியிருக்கலாம்; அதை வாங்கவே வேண்டாம். உத்தரவாதத்தை வாய்ச்சொல்லாக அன்றி, பற்றுச்சீட்டில் எழுதிக் கேளுங்கள்.

பழையதைக் கழிக்கும் முன்

மெதுவாக இயங்கும் கணினி எல்லாம் பழுதான கணினி அல்ல. பெரும்பாலும் தாமதத்துக்குக் காரணம் ஹார்ட் டிஸ்க். அது சுழலும் தட்டிலிருந்து செக்கனுக்கு ஏறக்குறைய 100 முதல் 150 எம்பி வரை வாசிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி சுமார் 500 எம்பி வாசிக்கும். சிறு சிறு கோப்புகளைத் தேடி எடுப்பதில் வேறுபாடு இதைவிடப் பல மடங்கு. ஆகவே எஸ்எஸ்டி ஒன்றை மாற்றிப் பார்த்த பின்னரே புதிய கணினியைப் பற்றி யோசியுங்கள். ரெம் வாங்கும்போது டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள். விண்டோஸ் 11 ஏறாத கணினியில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். பைதனும் லிப்ரே ஒபிஸும் அதில் நன்றாக இயங்கும்.

எனது மாமியின் வீட்டுக் கணினி ஒருநாள் எந்த இணையத்தளத்தையும் திறக்க மறுத்தது. "பாதுகாப்பற்ற இணைப்பு" என்றே காட்டியது. காட்டிய இடத்தில் தாய்ப்பலகை போய்விட்டது என்றார்கள். உண்மையில் திரையின் மூலையில் திகதி பல வருடங்கள் பின்னால் நின்றது. தாய்ப்பலகையில் இருக்கும் 3 வோல்ட் நாணய மின்கலம் தீர்ந்துபோனால் கணினி நேரத்தை மறந்துவிடும். திகதி பிழைத்தால் இணையத்தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றும். சிஆர்2032 என்ற மின்கலத்தை மாற்றித் திகதியைச் சரிசெய்ததும் பிரச்சினை தீர்ந்தது. சில நூறு ரூபா விடயத்துக்குப் பல்லாயிரம் போகவிருந்தது!

மின்சாரமும் இடியும்

2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாம். யுபிஎஸ் வாங்கினால் அந்த நேரம் முழுவதும் படிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். சாதாரண வீட்டு யுபிஎஸ்ஸில் இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர் மணி மின்கலம். இரண்டையும் பெருக்கினால் 84 வாட் மணி. 150 வாட் எடுக்கும் மேசைக்கணினிக்கு ஏட்டுக்கணக்கில் அரை மணிநேரம். நடைமுறையில் பத்துப் பதினைந்து நிமிடம்தான். அது வேலையைச் சேமித்து ஒழுங்காக மூடுவதற்கான அவகாசம். லேசர் பிரின்டரை அதில் இணைக்கக் கூடாது. சூடாகும்போது அது இழுக்கும் மின்னை யுபிஎஸ் தாங்காது. மின்வெட்டில்தான் அதிகம் படிக்க வேண்டுமென்றால் மடிக்கணினியே பொருத்தம்.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. இரண்டு முனைப் பிளக்கைச் செருகுவதற்காக எர்த் துளைக்குள் பேனையை விட்டுத் திறப்பது. கணினிக்கு இப்படிச் செய்யவே வேண்டாம். எர்த் இல்லாவிட்டால் கணினியின் உலோகப் பெட்டியைத் தொடும்போது கை கூசும்; கசிவு பெரிதானால் உயிருக்கே ஆபத்து. 13 அம்பியர் மூன்று முனைப் பிளக்கையே பாவியுங்கள்.

ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் கண்டியைச் சூழ இடி முழங்கும். ஆளியை அணைப்பது போதாது, பிளக்கையே கழற்றுங்கள். ரவுட்டரின் மின்னிணைப்பையும், செப்புக்கம்பித் தொலைபேசி இணைப்பாயின் அதன் வயரையும் கழற்றுங்கள்.

ஈரமும் தூசும்

மலைநாட்டின் ஈரம் கணினிக்கு நல்லதல்ல. சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். பாவிக்காத காலத்திலும் வாரம் ஒருமுறை அரை மணிநேரம் இயக்குங்கள். பிங்கா ஓயா பெருக்கெடுக்கும் அக்குறணை போன்ற இடங்களில் கீழ்மாடியில் இருப்போர் பெட்டியை நிலத்தில் வைக்கவே கூடாது. நனைந்துவிட்டால் "வேலை செய்கிறதா" என்று பார்க்க இயக்காதீர்கள். மின்னைத் துண்டித்து, சில நாட்கள் நன்றாகக் காயவிட்டு, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றி, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை இறக்கிவிட்டு, காய்ந்த மென்தூரிகையால் தூசைத் தட்டுங்கள். விசிறியை விரலால் பிடித்துக்கொண்டே துடைக்க வேண்டும்.

திருத்தக் கொடுக்கும் முன்

தோழிகளே, இதுவே நமக்கு மிக முக்கியமானது. கணினியோடு சேர்த்து நாம் கடையில் ஒப்படைப்பது உம்மாவினதும் ராத்தாவினதும் திருமணப் படங்களையும், நமது கடவுச்சொற்களையும்தான். முடிந்தால் படங்களை வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு, கணக்குகளிலிருந்து வெளியேறிய பின்னரே கொடுங்கள். பழுது மின்வழங்கியில் என்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். விற்கும்போது வெறுமனே அழித்தால் போதாது. அழித்த கோப்புகளை மீட்க முடியும். விண்டோஸில் மீளமைக்கும்போது சேமிப்பகத்தை முழுமையாகத் துடைக்கும் தெரிவைத் தேர்ந்தெடுங்கள்.

பாடக்குறிப்புகளுக்கும் படங்களுக்கும் மூன்று பிரதிகள் இருக்கட்டும். இரண்டு வேறு வகைச் சாதனங்களில். ஒன்று வீட்டுக்கு வெளியே. உதிரிப்பாகத்தைக் கடையில் வாங்கலாம். மௌத்தாகிப்போன பெரியும்மாவின் குரல்பதிவை எந்தக் கடையில் வாங்குவது?

இனித் திருத்தவே முடியாதவற்றைக் குப்பையில் போடாதீர்கள். கண்டியின் குப்பை சேரும் கொஹாகொட மகாவலி கங்கையின் கரையில்தான் இருக்கிறது. பழைய பலகைகளிலுள்ள ஈயம் நீரில் கலந்தால் நம்மிடமே திரும்பி வரும். மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள்.

"பொம்புளப் புள்ளைக்கு ஏன் ஸ்க்ரூ டிரைவர்?" என்று யாராவது கேட்கலாம். வீட்டின் பணத்தையும் வீட்டின் மானத்தையும் காப்பதற்குத்தான் என்று தயங்காமல் சொல்லுங்கள். தையல் மெஷினுக்கு எண்ணெய் விடவும் ஊசி மாற்றவும் தெரிந்த உம்மாமாரின் பிள்ளைகள் நாம். இதுவும் நம் கைக்கு வரும்.