சண்டை வாடகையில் வருவதில்லை

கடைக்காரருக்கும் வண்டிக்காரருக்கும் வாடகைத் தொகையை வைத்துச் சண்டை வருவது அபூர்வம். ஒரு நடைக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டால் இரண்டு பக்கமும் பெரும்பாலும் அதை மதிக்கிறார்கள். பிரச்சினை எல்லாம் வாடகைக்கு வெளியே இருப்பவற்றில்தான். கடையின் பின்வாசலில் காத்துக் கிடந்த நேரம், வாடிக்கையாளர் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பெட்டி, மூலை நசுங்கிய ஃப்ரிட்ஜ், லிஃப்ட் இல்லாத வீட்டில் மூன்றாம் மாடிக்குத் தூக்கிய கூலி. வேலை பேசும்போது இவற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மாதக் கடைசியில் பில்லில் கழித்துக்கொண்டு மீதியை வங்கியில் போடும்போதுதான் நமக்கே தெரிகிறது.

செங்குன்றம், மாதவரம் பக்கத்துக் குடோன்களிலிருந்து சென்னைக்குள் கடைகளுக்கும் வீடுகளுக்கும் லோடு அடிப்பது என் தொழில். சொந்த வண்டி, நானே டிரைவர். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு இப்படி ஒற்றை வண்டியை நம்பித் தொழிலில் இறங்கியவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். எதிரே இருப்பது பல கிளைகள் கொண்ட கடை; அதற்குக் கணக்குப் பிரிவு உண்டு, வக்கீல் உண்டு, அச்சடித்த ஒப்பந்தம் உண்டு. நம்மிடம் இருப்பது டிரிப் ஷீட்டும் போனும்தான். அந்த இரண்டையும் ஒழுங்காக வைத்திருந்தாலே பாதிச் சண்டை வராது என்பது என் அனுபவம்.

காத்திருப்பை எடுத்துக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குக் கடையின் பின்வாசலில் வண்டியைப் போடுகிறோம். சரக்கு எடுக்கும் பையன் பத்து மணிக்கு வருகிறான். "அண்ணே, உள்ள இடம் காலி பண்ணணும், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க" என்கிறான். இறக்கி முடிப்பதற்குள் மதியமாகிவிடுகிறது. அன்றைய இரண்டாவது நடை போய்விட்டது. வண்டியின் டியூ மட்டும் அந்த நாளுக்கும் சேர்த்தே ஓடுகிறது. வெளியூர் லாரிகளுக்கு ஹால்டிங் சார்ஜ் தருவது பழைய வழக்கம். ஊருக்குள் ஓடும் சின்ன வண்டிக்காரர் அதைக் கேட்டால் ஏதோ சலுகை கேட்பதுபோலப் பார்க்கிறார்கள். சலுகை இல்லை, அது நம் உழைப்பு நேரம்.

ஒப்பந்தத்தில் இதற்கு ஒரே ஒரு வரி போதும்: வண்டி வந்து சேர்ந்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் இலவசம், அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு. "வந்து சேர்ந்த நேரம்" என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். சில கடைக்காரர்கள் அதை "இறக்கத் தொடங்கிய நேரம்" என்று மாற்றித் தருவார்கள். அப்படி மாற்றினால் அந்த வரியால் பயனே இல்லை. நான் ஒரு சின்ன ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறேன். வந்தது, இறக்கத் தொடங்கியது, முடிந்தது என்று மூன்று கோடுகள். டெலிவரி சலானின் மூலையில் அதை அடித்து நீட்டினால், கையெழுத்துப் போடுகிறவர் நேரத்தையும் தானாகவே நிரப்பிவிடுகிறார். இதையே வாயால் கேட்டால், "மேனேஜரைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். கூடவே கேட்டில் செக்யூரிட்டி எழுதும் பதிவேட்டின் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்கிறேன். அந்த நேரம் கடையின் ஆளே எழுதியது. அதை யாரும் மறுக்க முடியாது.

கையெழுத்து வாங்குவதிலும் கவனம் வேண்டும். பல கடைகளில் "சரிபார்ப்புக்கு உட்பட்டுப் பெறப்பட்டது" என்று ஒரு சீல் வைத்திருக்கிறார்கள். அதை வாங்கிக்கொண்டு வந்தால், நாலு நாள் கழித்து இரண்டு பெட்டி குறைவு என்று சொல்ல அவர்களுக்கு வழி திறந்தே இருக்கிறது. பெட்டிகளின் எண்ணிக்கையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லுங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு நாம் பொறுப்பில்லை. வெளிப்பெட்டி எத்தனை, டேப் பிரியாமல் இருந்ததா என்பதற்குத்தான் பொறுப்பு. குடோனில் ஏற்றும்போதும் இதே கணக்குத்தான். எண்ணாமல் ஏற்றிய சரக்குக்குக் கையெழுத்துப் போடவே கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய தலைவலி டேமேஜ். கொளத்தூரில் ஓர் அபார்ட்மென்ட். ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். அட்டைப்பெட்டியில் கீறல் இல்லை, தெர்மோகோல் உடையவில்லை, டேப் அப்படியே இருந்தது. பிரித்துப் பார்த்தால் கதவின் அடிப்பக்கத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு குழி. வீட்டம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டார்; அவர் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். அந்த மாத பில்லில் ஃப்ரிட்ஜின் முழு எம்.ஆர்.பி.யையும் கடை டெபிட் நோட் போட்டுக் கழித்தது.

பெட்டியைப் பிரிப்பதற்கு முன் ஆறு பக்கமும் எடுத்த போட்டோ என்னிடம் இருந்தது. வாடிக்கையாளர் முன்னிலையில் பிரித்ததற்கு வீடியோவும் இருந்தது. வெளிப்பெட்டி நசுங்காமல் உள்ளே குழி விழுந்திருந்தால், அது பெட்டிக்குள் போவதற்கு முன்பே விழுந்ததாகத்தான் இருக்கும் என்று மேனேஜரிடம் காட்டினேன். அடுத்து இரண்டு கேள்விகள் கேட்டேன். எம்.ஆர்.பி.யில் கடையின் லாபமும் ஜி.எஸ்.டி.யும் சேர்ந்திருக்கின்றன; உங்கள் நஷ்டம் அவ்வளவா, சார்? முழு விலையையும் என்னிடம் பிடித்தால் அந்த ஃப்ரிட்ஜ் எனக்குத்தானே சொந்தம், அதை எப்போது கொடுக்கிறீர்கள்? அது ஏற்கெனவே கம்பெனிக்குத் திரும்பிப் போய், மாற்றுப் பெட்டியும் வந்துவிட்டது என்பது அப்போதுதான் வெளியே வந்தது. கழித்த பணம் அடுத்த மாதம் சேர்ந்து வந்தது.

இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. ஒப்பந்தத்தில் எவ்வளவு பெனால்டி எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். எழுதிய தொகை அதற்கான உச்சவரம்பு மட்டுமே. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கு 2007-ல் தனிச் சட்டம் வந்து, 2011 முதல் நடப்பில் இருக்கிறது. அனுப்புகிறவர் கூடுதல் ரிஸ்க் கட்டணம் தர ஒப்புக்கொள்ளாத சரக்குக்குக் கேரியரின் பொறுப்பு வாடகையின் பத்து மடங்கு வரை என்று அதன் விதிகள் வைத்திருக்கின்றன. ஆனால் அது எல்லாருக்கும் பொதுவாகச் சரக்கு ஏற்றி, ரசீது கொடுக்கும் பதிவுபெற்ற கேரியருக்கானது. ஒரே கடைக்கு ஒப்பந்தத்தில் ஓடுகிற நமக்கு அந்தப் பாதுகாப்பு தானாக வராது. அதனால் அதே வரம்பை நம் ஒப்பந்தத்திலும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். வண்டி இன்ஷூரன்ஸில் சரக்கு அடங்காது என்பதையும் மறக்கக் கூடாது. கடை தன் சரக்குக்கு எடுத்திருக்கும் டிரான்சிட் பாலிசியிலிருந்து பணம் வாங்கினாலும், இன்ஷூரன்ஸ் கம்பெனி பிறகு நம்மைத் தேடி வரலாம். அந்த உரிமையைக் கம்பெனி விட்டுக்கொடுத்ததாகப் பாலிசியில் சேர்க்கச் சொல்லிக் கடையிடம் கேட்கலாம். சில கடைகள் சம்மதிக்கின்றன.

டீசலுக்கு நீண்ட பேச்சு வேண்டாம். 2017 ஜூனிலிருந்து விலை தினமும் மாறலாம் என்றாகிவிட்டது. ஒப்பந்தம் போடும் நாளின் டீசல் விலையை அதில் எழுதி, அதிலிருந்து ஏறினாலும் இறங்கினாலும் வாடகை அதற்கேற்ப மாறும் என்று சேர்த்துக்கொண்டால் போதும். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர், லிட்டருக்கு 8 கிலோமீட்டர் என்றால் 15 லிட்டர். லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏறினால் நாளுக்கு 30 ரூபாய். இப்படிக் கணக்காக எழுதிக் காட்டினால் எந்த மேனேஜரும் மறுப்பதில்லை.

வண்டியை மாத வாடகைக்கு அட்டாச் செய்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடையின் பெயரை வண்டி முழுக்க ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னால், குறைந்தபட்ச மாதத் தொகையையும், நிறுத்துவதற்கு முப்பது நாள் முன்னறிவிப்பையும் எழுதி வாங்காமல் ஒட்டாதீர்கள். ஒரு கடையின் பெயரைச் சுமந்த வண்டியை இன்னொரு கடைக்காரர் கூப்பிட மாட்டார். தீபாவளி முடிந்த மறுவாரம் "இனி வண்டி வேண்டாம்" என்று போனில் கேட்டு நின்றுபோன தம்பிகளை எனக்குத் தெரியும். அந்த ஸ்டிக்கரை உரித்து பெயின்ட் அடிக்கும் செலவும் அவர்கள் தலையில்தான் விழுந்தது.

இனி பணம். இங்கேதான் சட்டம் நம் பக்கம் நன்றாகவே நிற்கிறது. நம்மில் பலர் அதைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. நம்மைப் போன்ற சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பானும் போதும். வேலை தொடங்குவதற்கு முன்பே பதிந்துவிட வேண்டும். பாக்கி விழுந்த பிறகு பதிந்தால் பழைய பாக்கிக்கு அது உதவுமா என்பதே தனி வழக்காகிவிடும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. வேலை முடிந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. இரண்டு மாதம் கழித்து வரும் டெபிட் நோட்டுக்கு இதையே பதிலாக எழுதலாம்.

2023-24 நிதியாண்டு முதல் வருமான வரிச் சட்டமும் இதற்குத் துணை வந்திருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கான பாக்கியைக் கெடுவுக்குள் தராவிட்டால், கொடுக்கிற ஆண்டு வரை கடை அதைச் செலவாகக் காட்ட முடியாது. பில்லின் தலைப்பில் உத்யம் எண்ணை அச்சடித்துவிட்டால் மார்ச் மாதத்தில் கடையின் ஆடிட்டரே நம் பாக்கியைப் பற்றிக் கேட்பார். டி.டி.எஸ். பிடித்தால் கவனியுங்கள்: பத்து வண்டிக்கு மேல் வைத்திராதவர் பான் எண்ணோடு உறுதிமொழிக் கடிதம் கொடுத்தால் பிடித்தமே கிடையாது.

எவ்வளவு கோபம் வந்தாலும் சரக்கைப் பிடித்து வைக்காதீர்கள். "பாக்கியைக் கொடு, பெட்டியை இறக்குகிறேன்" என்று ஒரு நாள் நின்றால், பணத் தகராறு நம்பிக்கை மோசடிப் புகாராகிவிடும். நம்பி ஒப்படைத்த சரக்கைக் கேரியர் கையாடல் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 316-ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை. அந்தச் சண்டையில் நாம் கேட்ட வாடகையை யாரும் பேச மாட்டார்கள்.

சரக்கை இறக்கிவிட்டு எழுத்தில் கேளுங்கள். முதலில் மெயில், பிறகு பதிவுத் தபால், பிறகு வக்கீல் நோட்டீஸ். செக் கொடுத்து அது திரும்பினால், வங்கியின் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்பிவிட வேண்டும். பணம் கட்ட அவர்களுக்கு 15 நாள் அவகாசம். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். உத்யம் வைத்திருப்பவர்கள் அதே 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழுள்ள ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் போகலாம். கவுன்சில் முதலில் சமரசம் பேசும், முடியாவிட்டால் மத்தியஸ்தத் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்துக் கடை கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். சின்னத் தொகை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுங்கள். வழக்குப் போடாமலே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். லோக் அதாலத்தில் முடிந்தால் அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது.

ஒப்பந்தத்தில் மேலே சொன்ன வரிகளைச் சேர்க்க எந்த மாதத்திலும் கேட்கலாம். ஆனால் ஆவணியில் கேளுங்கள். ஆடித் தள்ளுபடி முடிந்து, தீபாவளிக்கு எத்தனை வண்டி வேண்டும் என்று கடைகள் கணக்குப் போடும் நேரம் அது. அப்போது மேனேஜரே தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துப் பேசுவார். காத்திருப்பு, டேமேஜ் வரம்பு, டீசல், 45 நாள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவர் சரி என்று சொன்னதை அன்று மாலையே வாட்ஸ்அப்பில், "இன்று பேசியபடி" என்று தொடங்கி, தேதியோடு அவருக்கு அனுப்பிவிடுங்கள்.