ஊர்ப்பணிக்கு நேரமும் பொருளும்

கொடுத்தல் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது காசுதான். திருவள்ளுவரோ கொடுத்தலை இரண்டு அதிகாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார். இல்லாதவர்க்குக் கொடுப்பதைக் கூறும் ஈகை, 23-ஆம் அதிகாரம். அதற்கு முன்னே, 22-ஆம் அதிகாரமாக, ஒப்புரவறிதல் நிற்கிறது. ஊரோடு சேர்ந்து வாழ்ந்து, ஊருக்குப் பயன்படுவதே ஒப்புரவு. அதற்கு அவர் காட்டும் உவமைகள் மூன்று: ஊரார் நீர் முகக்கும் குளம், ஊர் நடுவே பழுத்து நிற்கும் மரம், எல்லா உறுப்பும் மருந்தாகும் மரம். மூன்றுமே ஒருவர்க்கு மட்டும் உரியவை அல்ல. ஊர்ப் பொதுப்பணிக்குக் கொடுப்பதை ஈகையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல், ஒப்புரவின் கண்கொண்டு பார்க்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஈகையில் ஒருவர் கொடுக்க, மற்றொருவர் பெறுகிறார். ஒப்புரவில் கொடுப்பவரும் அதே குளத்து நீரைத்தான் குடிக்கிறார்.

குளம் என்றதும் குடிமராமத்து நினைவுக்கு வருகிறது. மழைக்காலத்துக்கு முன்னே ஏரிக்கரையை உயர்த்துவதும், வாய்க்காலைத் தூர்வாருவதும், மதகைச் சீர்செய்வதும் அந்நாளில் பாசனம் பெறும் குடிகளின் கடமை. யாரும் கூலி கேட்கவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியும் கூடையுமாய் வந்தால் போதும். வெள்ளையர் ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. அதை நிலைநிறுத்த 1858-ஆம் ஆண்டு சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. வழக்கப்படி தரவேண்டிய உழைப்பைத் தர மறுப்பவர், அதன் மதிப்பைப் போல் இரு மடங்கு பணம் கட்ட வேண்டும் என்றது அச்சட்டம். மனமுவந்து தந்த நேரம் வரியாகிவிட்டது! 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் தமிழக அரசு குடிமராமத்து என்ற அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, செலவில் பத்தில் ஒரு பங்கை விவசாயிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம் என்று வைத்தது. இதிலே ‘உழைப்பாகவோ’ என்ற சொல்லைத்தான் நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். காசில்லாத வீடும் பங்குதாரர் ஆவதற்கு அது வழிவிடுகிறது.

நம் பள்ளிக்கூடங்களின் கதையும் இத்தகையதே. பெருந்தலைவர் காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் 1956-இல் மதிய உணவு தொடங்கியபோது, அது முழுக்க அரசின் பணத்தில் நடக்கவில்லை. ஊரார் தந்த அரிசியும் பருப்பும் விறகுமே முதலில் உலையேறின; பின்னர்தான் அரசும் செலவில் பங்கு ஏற்றது. அதையடுத்து, பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்கள் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை ஊர் ஊராக நடத்தினார். கட்டடம், பெஞ்சு, கரும்பலகை, பிள்ளைகளுக்குச் சீருடை என்று தத்தம் பள்ளிக்கு வேண்டியதை ஊராரே பட்டியலிட்டு, ஊராரே கொண்டுவந்து சேர்த்தனர். இன்று சாதாரணமாகத் தோன்றும் இச்செயல், அன்று அரைவயிற்றுக் கஞ்சி குடித்தவர்களும் சேர்ந்து செய்தது என்பதை மறக்கலாகாது.

இனி நம் பகுதிக்கு வருவோம். எங்கோ நடந்ததைப் படிக்கும் நாம், நம் வாசலில் நடந்ததை அறியாமல் இருக்கிறோம். சிங்காரப்பேட்டையும் ஊத்தங்கரையும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் 2004 பிப்ரவரி 9 வரை தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அந்தத் தருமபுரி மாவட்டத்தில்தான் 1989-இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டின் மகளிர் மேம்பாட்டுத் திட்டம் முதன்முதலில் தொடங்கப்பட்டது. சேலம், தென்னாற்காடு, மதுரை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு அது பின்னரே சென்றது. 1997–98-இல் ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மாநிலத்துக்கே விரிந்தது. இன்று தமிழ்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ‘குழு’ என்றால் புரிந்துகொள்கிறார்களே, அந்தக் குழு வேர்விட்ட மண் மானாவாரிப் பயிரை நம்பிய இந்த வறண்ட மண்தான். இதை நம் பாடநூலில் ஒரு வரியாவது சேர்த்திருக்கலாம்.

குழுவின் அமைப்பு எளியது. பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வரை சேருகிறார்கள். அவர்களுள் ஒருவர் ஊக்குநர், இருவர் பிரதிநிதிகள். கூட்டத்துக்குக் கூட்டம் சந்தா கட்டுகிறார்கள். சேர்ந்த பணத்திலிருந்து மருந்துக்கும், பிள்ளைகளின் படிப்புக்கும், ஆடு வாங்கவும் தங்களுக்குள் கடன் கொடுக்கிறார்கள். யாருக்கு முதலில் என்பதைக் கூடிப் பேசி முடிவுசெய்து, தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். கைநாட்டு வைத்த பல பெண்கள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டது இந்த நோட்டில்தான். சொத்து எதையும் ஈடாகக் கேட்காமல் இத்தகைய குழுக்களுக்கு வங்கிகள் கடன் தரும் முறையை நபார்டு வங்கி 1992-இல் சோதனையாகத் தொடங்கியது. நிலப்பட்டா இல்லாத பெண்ணுக்கு வங்கியின் கதவு திறந்தது. ஒழுங்காகக் கூடிய கூட்டங்களும் ஒழுங்காக எழுதிய நோட்டுகளுமே அவளுக்குப் பிணை நின்றன.

எங்கள் வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு குழுவில் 15 பேர். மாதச் சந்தா ஆளுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 300 ரூபாய். ஆண்டுக்கு 3,600 ரூபாய். பெரிய தொகை என்று சொல்ல முடியாது. இனி நேரத்தைப் பாருங்கள். வாரம் ஒரு மணி நேரம் கூட்டம் என்றால் 15 பேருக்கு ஆண்டுக்கு 780 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக்கினால் ஏறக்குறைய 98 நாட்கள். அந்த 98 நாட்களைக் கொடுத்தது யார்? தண்ணீர் பிடித்து, விறகு சேர்த்து, களையெடுத்து, மாடு கறந்து, எல்லோரும் உண்டபின் உண்ணும் தாய்மார்கள். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்திருந்த இயேசு, ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு காசைப் பெரிது என்றார். அவள் எவ்வளவு போட்டாள் என்பதைவிட, போட்டபின் அவளிடம் என்ன மிஞ்சியது என்பதையே அவர் பார்த்தார். நேரத்துக்கும் அதே அளவுகோல் பொருந்தும் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. ஓய்வில் இருப்பவர் தரும் ஒரு மணியும், ஓய்வே இல்லாதவர் தரும் ஒரு மணியும் கடிகாரத்தில்தான் ஒன்று.

ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். ஊர்ப்பணி எதுவானாலும் ‘குழுப் பெண்களைக் கூப்பிடு’ என்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. பேரணிக்கு அவர்கள், விழாவில் நாற்காலி நிரப்ப அவர்கள், துப்புரவுக்கும் அவர்கள். கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்பதற்காக ஒருவரிடமே மீண்டும் மீண்டும் கேட்பது நியாயமா? வீட்டிலுள்ள அண்ணன்மாரும் அப்பாக்களும் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

இப்போது நம் பக்கத்தில் நிலைமை மாறியிருக்கிறது. ஓசூரிலும் பெங்களூரிலும் தொழிற்சாலை வேலைக்குச் செல்வோர் பலர். ஊர்த் திருவிழாவுக்கும், பள்ளிக் கட்டடத்துக்கும் அவர்கள் தாராளமாகப் பணம் அனுப்புகிறார்கள். பெரிய நிறுவனங்களுக்கோ சட்டமே உண்டு. குறிப்பிட்ட அளவுக்கு மேல் வருவாயோ இலாபமோ உள்ள கம்பெனிகள், கடந்த மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் கூறுகிறது. தனியாரும் நிறுவனங்களும் அரசுப் பள்ளிகளுக்கு உதவ, ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்னும் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. ஆகவே பணம் வர வழி இருக்கிறது. வந்த பணத்தில் கட்டிய கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, பூட்டிக் கிடக்கிறதா என்று போய்ப் பார்ப்பவர் யார்? அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப்பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அந்த நாற்காலியில் வந்து அமரும் ஒரு மணி நேரத்தை எந்தக் கம்பெனியும் அனுப்பி வைக்க முடியாது.

பணம் தந்தவர் பெயர் பளிங்குக் கல்லில் ஏறுகிறது. மின்விசிறியின் இறக்கையில்கூட ஏறுகிறது! நேரம் தந்தவர் பெயர் எங்கும் ஏறுவதில்லை. இதற்கு மாறான ஒரு வழக்கம் நம் பங்குகளிலே உள்ளது. 1833-இல் பாரிஸ் நகரில் இருபது வயது மாணவர் பிரடெரிக் ஓசானாம், தோழர் சிலருடன் புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கினார். ‘ஏழைகளுக்கு உங்கள் திருச்சபை இன்று என்ன செய்கிறது?’ என்று பிறர் கேட்ட கேள்விதான் அவரைத் தூண்டியது. ஏழைகளின் வீடுகளுக்குச் செல்லும் வழியை அவர்களுக்குக் காட்டியவர் அருட்சகோதரி ரொசாலி ரெந்து. இன்றும் அச்சபையினர் இருவர் இருவராக வீடு தேடிச் செல்கிறார்கள். கூட்டத்தில் இரகசியப் பை ஒன்று சுற்றி வருகிறது. யார் எவ்வளவு போட்டார் என்பது பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது. வீட்டுக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். பையில் போட்டது தெரியாது. கல்வெட்டுக்கு நேர் எதிர்!

பத்தாம் வகுப்பில் படிக்கும் எங்களிடம் பணம் ஏது? நேரமும் தேர்வுக்குப் போய்விடுகிறது. மேனிலை வகுப்பில் நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கிறது. காந்தியடிகளின் நூற்றாண்டாகிய 1969-இல் கல்லூரி மாணவர்க்கெனத் தொடங்கி, பின்னர் பள்ளிகளுக்கும் வந்தது. அதிலே சேருவோர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் தர வேண்டும். வாரத்துக்கு இரண்டரை மணிக்கும் குறைவுதான் வருகிறது. எங்களில் சிலர் சேருவதாகப் பேசியிருக்கிறோம். அந்த மணிகளில் மரம் நடுவதா, மாலையில் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுத் தருவதா, குழுவில் இன்னும் கைநாட்டு வைக்கும் பாட்டிகளோடு அமர்ந்து நோட்டு எழுத உதவுவதா என்பதில்தான் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பாட்டிகள் பக்கமே இப்போதைக்குக் கைகள் அதிகம் உயர்ந்திருக்கின்றன.