முந்தானை முடிச்சும் மூளையின் நினைவூட்டலும்

துவாரகாவில் வசிக்கும் ஓய்வூதியர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நவம்பர் மாதக் காலையில் கரோல் பாக் கடைவீதிக்குப் புறப்படுகிறார். திரும்பும் வழியில் வங்கிக்குச் சென்று உயிர்வாழ் சான்றிதழை அளிக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். மெட்ரோவின் நீல வழித்தடத்தில் திரும்பி, துவாரகா நிலையத்தில் இறங்குகிறார். கால்கள் வழக்கம்போல் வீட்டை நோக்கி நடக்கின்றன. மாலையில் காப்பி அருந்தும்போதுதான் வங்கியின் நினைவு வருகிறது.

அவருக்கு நினைவாற்றல் குன்றிவிட்டதா? இல்லை. நடந்ததை நினைவுகூர்வது வேறு. செய்ய எண்ணியதை உரிய வேளையில் நினைவுகூர்வது வேறு. முன்னதில் பிறர் கேட்கும் கேள்வி நம்மைத் தூண்டுகிறது. பின்னதில் தூண்டுவார் எவருமில்லை. மூளை தானே விழித்துக்கொள்ள வேண்டும். உளவியலார் இதனை எதிர்நோக்கு நினைவு என்பர்.

அமெரிக்க உளவியலாளர்களான கில்ஸ் ஐன்ஸ்டைனும் மார்க் மெக்டேனியலும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறைக்கு அடித்தளமிட்டது. இந்நினைவு இருவகைப்படும். 'நண்பரைக் கண்டதும் செய்தியைச் சொல்ல வேண்டும்' என்பது நிகழ்வைச் சார்ந்தது. 'நான்கு மணிக்கு மருந்து உண்ண வேண்டும்' என்பது நேரத்தைச் சார்ந்தது. முன்னதற்கு நண்பரின் முகமே அடையாளம். பின்னதற்கு அத்தகைய அடையாளம் இல்லை. நாமே கடிகாரத்தை நோக்கியவாறிருக்க வேண்டும். அவர்களது சோதனைகளில், நிகழ்வைச் சார்ந்த பணிகளில் முதியோர் இளையோருக்குப் பின்தங்கவில்லை. நேரத்தைச் சார்ந்த பணிகளிலேயே வேறுபாடு தென்பட்டது. முதியோருக்கு இது ஆறுதலான செய்தி.

எண்ணத்தின் உள்ளடக்கத்தைப் பதிவதில் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி உதவுகிறது. வேறு வேலையில் ஈடுபட்டிருக்கும்போதும் அவ்வெண்ணத்தைக் கைவிடாமல் வைத்திருப்பதில் நெற்றிக்குப் பின்னுள்ள மூளையின் முன்முனைக்குப் பெரும்பங்கு உண்டு. பழக்கமான செயல்களோ கவனத்தை அதிகம் வேண்டாமலே நடந்தேறுகின்றன. ஆகவேதான், நாள்தோறும் நடக்கும் பாதை புதிய எண்ணத்தை எளிதில் வென்றுவிடுகிறது.

இதற்கு வழி என்ன? நம் பாட்டிமார் முந்தானையில் முடிச்சிட்டுக்கொண்டனர். வழக்கத்திற்கு மாறான ஒன்று கண்ணிலோ கையிலோ படும்போது, 'இது எதற்காக?' என்று மனம் கேட்கிறது. மேற்கூறிய 1990-ஆம் ஆண்டு ஆய்விலும், பழகிய சொல்லைவிடப் பழகாத சொல்லே நல்ல அடையாளமாக அமைந்தது. ஆனால் முடிச்சு 'ஏதோ உண்டு' என்று மட்டுமே கூறும். 'எது' என்று கூறாது. அக்குறையை நீக்கும் முறையைக் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் விளக்கினார். 'இன்று வங்கிக்குச் செல்வேன்' என்பது வெறும் விருப்பம். 'துவாரகா நிலையத்தின் வாயிலைக் கடந்தவுடன் வங்கியை நோக்கித் திரும்புவேன்' என்பது இடத்தோடு பிணைந்த தீர்மானம். வாயிலைக் கண்டதும் எண்ணம் தானே எழும்.

வங்கிப் பணிகளில் இம்மறதியின் விலை சிறிதன்று. மத்திய அரசின் ஓய்வூதியர் நவம்பருக்குள் உயிர்வாழ் சான்றிதழை அளிக்காவிடில், அதனை அளிக்கும்வரை ஓய்வூதியம் நின்றுபோகும். எண்பது வயதைக் கடந்தோர் அக்டோபர் முதலே அளிக்கலாம். 2014-இல் தொடங்கிய ஜீவன் பிரமாண் வசதியால் இதனை மின்னணு முறையிலும் நிறைவேற்றலாம். இரண்டாண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் எவ்விதப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கு செயல்படாத கணக்காகிறது. பத்தாண்டுகள் கோரப்படாத தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்கு மாற்றப்படுகிறது. அதன் பின்னரும் அத்தொகையைக் கோரிப் பெறும் உரிமை நமக்கு உண்டு. அத்தகைய தொகைகளைத் தேட 2023-இல் உத்கம் இணையதளம் தொடங்கப்பட்டது.

மின்கட்டணம், தவணை போன்ற திரும்பத் திரும்ப வரும் கடமைகளைத் தானியங்கிப் பற்று வசதியிடம் ஒப்படைப்போம். நியமனதாரரைப் பதிவுசெய்தல் போன்று ஒருமுறை மட்டும் செய்ய வேண்டியவற்றிற்கு இடமும் வேளையும் குறித்துவைப்போம். 'பிறகு பார்க்கலாம்' என்று நாம் ஒதுக்கிவைத்த பணி ஒன்றேனும் இருக்கும். இவ்விதழை மூடுமுன், எதைக் கண்டதும் அதைச் செய்வோம் என்பதை ஒரு வரியில் எழுதிவைப்போம்.