பரீட்சை எழுதும் மாற்றுத்திறனாளிகளுக்கு

விண்ணப்பத்தில் ‘மாற்றுத்திறனாளியா?’ என்ற கட்டத்தில் ‘ஆம்’ போட்டதோடு நிறுத்திவிடாதீர்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம் ஆகியவற்றைத் தனியாகக் கேட்டிருப்பார்கள். அதைத் தவறவிட்டால் தேர்வறை வாசலில் மன்றாடுவதுதான் மிச்சம்.

மத்திய அரசின் வழிகாட்டுதலின்படி, மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும். மூன்று மணி நேரத் தாளென்றால் முழுதாக ஒரு மணி நேரம். ‘உங்களுக்கு ஊனம் 40 சதவீதம் இல்லையே’ என்று தட்டிக்கழித்தால், விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021-ல் அளித்த தீர்ப்பைக் காட்டுங்கள். எழுத முடியாத சிரமம் இருந்தால், 40 சதவீதத்தை எட்டவில்லை என்பதற்காக, சொல்வதை எழுதுபவரை மறுக்கக் கூடாது. உரிய படிவத்தில் மருத்துவச் சான்று மட்டும் கைவசம் இருக்கட்டும்.

சொல்வதை எழுதுபவரின் கல்வித் தகுதி பற்றிய விதி தேர்வுக்குத் தேர்வு வேறுபடும். அறிவிப்பை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். அவரோடு பழைய வினாத்தாள் ஒன்றையாவது எழுதிப் பழகுவது அவசியம். அடைப்புக்குறி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, வர்க்கமூலத்துக்குள் எதுவரை வரும் என்று வாயால் சொல்வது லேசான வேலையில்லை! கணக்குத் தாளில் பலருக்கு நேரம் கரைவது இங்கேதான். விடைத்தாளில் கட்டத்தைக் கறுப்பாக்கியதும் வினா எண்ணையும் விடையையும் அவர் திருப்பிச் சொல்லட்டும்.

கூடுதல் நேரம் தர மறுத்தால், அறையை விட்டு வருமுன்பே தலைமைக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.