பேண்டா, வாட்ச்சா? அட்டைப்பெட்டி சொல்லாத சில சங்கதிகள்

மொபைல் கடைகளில் இப்போது மணிக்கட்டுக்கென்றே தனி அலமாரி வந்துவிட்டது. ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஃபிட்னஸ் பேண்டுகள். நடுநாயகமாகச் சதுரமும் வட்டமுமாக ஸ்மார்ட்வாட்ச்சுகள். ‘ரெண்டாயிரத்துக்குள்ள எதுங்க நல்லது?’ என்று கேட்டால் கடைக்காரரின் கை தானாகப் பெரிய திரைப் பக்கம் போகும். அதே விலைக்கு வாட்ச்சே கிடைக்கும்போது பேண்ட் எதற்கு சார் என்பார். நியாயமான கேள்விபோலத்தான் இருக்கிறது. ஆனால் அவர் எடுத்துக் காட்டுவது வாட்ச்தானா?

‘பெரிய திரை இருந்தால் அது ஸ்மார்ட்வாட்ச்’

ஆப்பிள் வாட்ச், சாம்சங் கேலக்ஸி வாட்ச் போன்றவற்றுக்குள் ஓடுவது கிட்டத்தட்ட ஒரு குட்டி போன். வேண்டிய ஆப்களை ஏற்றிக்கொள்ளலாம். சில மாடல்களில் ஈசிம் போட்டுக்கொண்டால், போன் வீட்டில் கிடந்தாலும் பேசலாம். இந்தியச் சந்தையில் 1,500 முதல் 3,000 ரூபாய் வரை விற்கும் ‘ஸ்மார்ட்வாட்ச்’சுகளில் பெரும்பாலானவற்றில் இந்த வசதிகள் கிடையாது. பேண்டில் இருக்கும் அதே எளிய மென்பொருள், அதே வகை சென்சார்கள், கொஞ்சம் பெரிய திரை, கூடவே ஒரு ஸ்பீக்கரும் மைக்கும். ‘ப்ளூடூத் காலிங்’ என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போடுவது இந்த ஸ்பீக்கரையும் மைக்கையும்தான். அழைப்பு வருவது சட்டைப்பையில் இருக்கும் போனுக்கு. வாட்ச் அந்தக் குரலை வாங்கிச் சொல்கிறது. போனை மேஜையில் விட்டுவிட்டு அடுத்த தெருவுக்குப் போனால் பேச்சு அறுந்துவிடும்.

ஆகவே கடையில் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. ‘இதுல புதுசா ஆப் ஏத்த முடியுமா?’ ‘போன் இல்லாம ஜிபிஎஸ் வேலை செய்யுமா?’ இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால், கையில் இருப்பது பேண்ட்தான், பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும். இரண்டாவது கேள்வி ஓடுபவர்களுக்கு முக்கியம். சொந்த ஜிபிஎஸ் இல்லாத கருவி போனுடையதைக் கடன் வாங்கும். போனை வீட்டில் வைத்துவிட்டு மெரினாவில் ஓடினால், அடிகளை எண்ணி, உயரத்தை வைத்து ஓர் அடியின் நீளத்தை உத்தேசமாகப் போட்டுப் பெருக்கி, இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும்.

இந்த மயக்கத்துக்கு விலைச் சரிவும் ஒரு காரணம். 2017-ல் டைட்டன் நிறுவனம் ஃபாஸ்ட்ராக் ரிஃப்ளெக்ஸ் பேண்டைக் கொண்டுவந்தபோது விலை 1,995 ரூபாய். இதயத் துடிப்பு பார்க்கும் சென்சார்கூட அதில் இல்லை. இன்று அதே காசுக்குக் கை நிறையத் திரை கிடைக்கிறது. திரை வளர்ந்த வேகத்தில் உள்ளே இருக்கும் சரக்கு வளரவில்லை.

‘விலை கூடினால் அளவு துல்லியமாக இருக்கும்’

கருவியைத் திருப்பிப் பார்த்தால் பச்சை விளக்கு மினுக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடும்போது திரும்பி வரும் ஒளி குறையும், பிறகு கூடும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் துடிப்பு. இரண்டாயிரம் ரூபாய் பேண்டிலும் நாற்பதாயிரம் ரூபாய் வாட்ச்சிலும் அடிப்படை வித்தை இதுதான். பட்டை தளர்ந்தாலோ, கை வேகமாக ஆடினாலோ, அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தாலோ கணக்கு தடுமாறும். 2019-ல் சீனாவில் சிலர் டாய்லெட் பேப்பர் சுருளில் பேண்டைக் கட்டிப் பார்த்தார்கள். அதற்கும் ‘துடிப்பு’ காட்டியது! உயிரைத் தேடும் கருவி அல்ல அது. திரும்பி வரும் ஒளியில் எப்படியாவது ஒரு தாளத்தைக் கண்டுபிடிக்கப் பார்க்கும்.

விலை உயர்ந்த வாட்ச்சுகள் கை அசைவால் வரும் குழப்பத்தை வடிகட்டுவதில் கெட்டிதான். ஆனால் காலை நடைக்குப் போகும் ஒருவருக்கு, மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாமல் கட்டிக்கொள்வதே பாதிப் பிழையைச் சரிசெய்துவிடும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

‘400 கலோரி எரிந்தது என்று காட்டுகிறதே’

காட்டும். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வில் 60 பேர் கையில் ஏழு கருவிகளைக் கட்டி நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் விட்டார்கள். ஏழில் ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைவான பிழையோடு சொல்லிவிட்டன. கலோரியிலோ இருந்ததிலேயே நல்ல கருவிக்கு 27 சதவீதப் பிழை, மோசமானதற்கு 93. அந்த வரிசையில் ஆப்பிள், சாம்சங், ஃபிட்பிட், மைக்ரோசாஃப்ட் எல்லாமே இருந்தன.

காரணம் எளிது. கலோரியை அளக்க அதில் சென்சாரே இல்லை. வயது, எடை, உயரம், துடிப்பு, அசைவு ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு வரும் விடையைத்தான் காட்டுகிறது. ஒரே எடையுள்ள இரண்டு பேரின் உடல் ஒரே அளவு எரிப்பதில்லை என்பது அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. திரையில் 400 என்று பார்த்துவிட்டு, ராத்திரி தைரியமாக இன்னொரு பரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் ஊறப்போடுபவர், இல்லாத பணத்துக்குச் செக் எழுதுகிறார்.

2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவில் வந்த முடிவு இதைவிடச் சுவாரசியம். எடை குறைக்க வந்த சுமார் 470 இளவயதினரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்தார்கள். அணியாமல் வழக்கமான முறையில் குறிப்பெழுதிக்கொண்டவர்கள் 5.9 கிலோ குறைந்தார்கள்.

‘தினம் 10,000 அடி நடந்தே ஆகவேண்டும்’

இந்த எண் மருத்துவரிடமிருந்து வந்ததல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-ல் ஜப்பானின் யமாசா நிறுவனம் இடுப்பில் மாட்டும் ஒரு அடிமானியை விற்கப் பிடித்த எண். 2019-ல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வு, சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களின் நடையை அளந்தது. தினம் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500 அடியோடு அந்தப் பலன் ஏறுவது நின்றுவிட்டது. பேண்டோ வாட்ச்சோ, இலக்கை ஆப்பில் மாற்றிக்கொள்ளலாம். அதிர்வதை நிறுத்துவதற்காக ராத்திரி பதினோரு மணிக்கு மொட்டைமாடியில் சுற்றுகிறவர்களுக்காகச் சொல்லவேண்டியிருக்கிறது.

சப்பாத்தி மாவு பிசைந்தாலும் குண்டும் குழியுமான ரோட்டில் பைக் ஓட்டினாலும் சில அடிகள் ஏறிக்கொள்ளும். சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்து நடந்தால், கை ஆடாததால், நடந்த நடை கணக்கிலேயே வராது.

‘ஈசிஜி இருக்கிறது, சுகரும் பார்க்கும்’

இங்குதான் விளையாட்டு வினையாகிறது. ஆப்பிள் வாட்ச்சில் ஈசிஜி வந்தது 2018-ல், நான்காம் தலைமுறை மாடலில். இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் ஒரு கோளாறைக் கண்டுபிடிக்க அது உதவும், உதவியும் இருக்கிறது. ஆனால் மாரடைப்பை அதனால் கண்டறிய முடியாது என்று ஆப்பிளே சொல்கிறது. ஆஸ்பத்திரியில் மார்பிலும் கைகாலிலும் பத்து மின்முனைகளை ஒட்டிப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கிறார்கள். வாட்ச் ஒரே கோணத்தில் பார்க்கிறது. நெஞ்சு வலிக்கும்போது திரை ‘நார்மல்’ என்றாலும் கூப்பிடவேண்டியது 108-ஐ.

சுகர் விஷயத்தில் நீக்குப்போக்கே இல்லை. தோலைத் துளைக்காமல் ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அதற்குப் பிறகும் ஆன்லைனில் ‘பிளட் சுகர் வாட்ச்’ மலிவு விலையில் வரிசைகட்டி நிற்கிறது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் அளவைக் கூட்டினால் சர்க்கரை தடாலென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். மேல்கையில் ஊசி சென்சார் ஒட்டிக்கொண்டவர்கள் அதன் அளவை வாட்ச்சில் பார்ப்பது வேறு. அங்கே அளப்பது ஊசி, காட்டுவது மட்டும் வாட்ச். பிபியும் இதே ரகம். சாம்சங்கின் வாட்ச்சுகூட 28 நாளுக்கு ஒருமுறை நிஜமான பிபி மெஷினோடு ஒத்துப்பார்க்கச் சொல்கிறது.

‘பேண்ட் என்பது காசில்லாதவர்கள் வாங்குவது’

தூக்கத்தைக் கவனிக்க விரும்புகிறவருக்குப் பேண்ட்தான் பொருத்தம். ஆப்பிள் தன் வழக்கமான மாடல்களுக்குப் பல ஆண்டுகள் சொல்லிவந்த பேட்டரி ஆயுள் 18 மணி நேரம். அந்த வாட்ச்சைப் பெரும்பாலானவர்கள் சார்ஜில் போடுவது ராத்திரியில். பேண்டுகள் ஒரு வாரம், இரண்டு வாரம் தாங்கும், கனமும் இல்லை. தூக்கத்தின் நிலைகளை இரண்டுமே ஊகிக்கத்தான் செய்கின்றன. தூக்க ஆய்வகம் மூளை அலையைப் பார்க்கிறது. மணிக்கட்டில் மூளை இல்லை.

வாட்ச்சுக்கே காசு கொடுக்கலாம் என்று சொல்லத்தக்க இடமும் உண்டு. தனியாக இருக்கும் பெரியவர் வழுக்கி விழுந்து அசையாமல் கிடந்தால் தானாக அழைக்கும் வசதி, நல்ல வாட்ச்சுகளில் ஒழுங்காக வேலை செய்கிறது. அதற்குப் பக்கத்தில் போன் இருக்கவேண்டும், அல்லது வாட்ச்சிலேயே ஈசிம் ஓடவேண்டும். பிள்ளைகள் வெளியூரில் இருந்துகொண்டு அப்பாவுக்கு வாங்கி அனுப்பும்போது பெரும்பாலும் மறப்பது இந்த ஈசிம்மைத்தான்.

‘வாட்டர் ப்ரூஃப்’ என்பதையும் அப்படியே நம்பவேண்டாம். பெட்டியில் போட்டிருக்கும் ‘5 ஏடிஎம்’ என்பது ஆய்வகத்தில் அசையாத நிலையில் தாங்கிய அழுத்தம். வெந்நீரும் சோப்பும் ரப்பர் அடைப்பை நாளாக நாளாகத் தளர்த்திவிடும்.

பில் போடுமுன் இன்னொன்றையும் விசாரித்துக்கொள்ளலாம். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றுக்குக் காந்த சார்ஜர் மாடலுக்கு மாடல் வேறு. ஒன்றின் முனை இன்னொன்றில் ஒட்டாது. பட்டையும் பலவற்றில் அப்படியே. இரண்டும் தனியாக விற்பனைக்கு உண்டா, என்ன விலை என்று கேட்டால், கடைக்காரர் அலமாரியின் கீழ்த்தட்டைத் திறந்து பார்த்துத்தான் பதில் சொல்வார்.