நாற்காலி செய்யப் போகும் தம்பிக்கு

புனே

அன்புள்ள தம்பி,

டிசைன் படிக்கப் போகிறாய், அதிலும் மரச்சாமான் பக்கம் என்று அம்மா போனில் சொன்னார்கள். சந்தோஷம். புனேயை ஒட்டிய லோணி கால்போரில் எம்.ஐ.டி. டிசைன் கல்லூரி 2006 முதல் இருக்கிறது, அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) 1961-லிருந்து. எங்கே இடம் கிடைத்தாலும் சேர்ந்துவிடு.

நீ வரைந்து அனுப்பிய நாற்காலி அழகுதான். அதில் உட்காரப் போவது யார்? இங்கே ஹிஞ்சவடி ஐ.டி. அலுவலகங்களில் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால் தெரியும். உயரம் குறைந்த பெண்கள் சிலர் லேப்டாப் பையைத் தரையில் போட்டு அதன்மேல் பாதம் வைத்திருப்பார்கள். இருக்கை உயரமாக இருந்தால் கால் தரைக்கு எட்டாது. முன்விளிம்பு தொடையின் அடியில் அழுத்தி, கால் மரத்துப்போகும். வேறு சிலர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போடப் பார்ப்பார்கள். கைப்பிடி முட்டியில் இடிக்கும். எவர் உடம்புக்கோ அளந்த நாற்காலி! நம்மவர் உடலளவுகளைத் திரட்டி தேப்குமார் சக்ரவர்த்தி எழுதிய நூலை என்.ஐ.டி. 1997-இல் வெளியிட்டது. கல்லூரி நூலகத்தில் முதலில் அதைத் தேடு.

மெத்தையைக் கண்டு மயங்காதே. கடையில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தால் எந்த மெத்தையும் சுகம்தான். ஒரு மணி நேரம் போனால் இடுப்பு அமிழ்ந்து முதுகு கூன் போடும். இருக்கை பின்பக்கம் லேசாகச் சரிந்து, சாய்மானம் இடுப்பைத் தாங்கினால் வெறும் மரமே போதும். என்.ஐ.டி. ஆசிரியர் கஜானன் உபாத்யாயா 24-க்கு 42 மி.மீ. மரச்சட்டங்களைக் கொண்டு ஒரு நாற்காலி செய்தார். அதன் பெயரே 24/42. சட்டம் ஒரே அளவு என்றால் தச்சருக்கு அறுப்பு வேலை சுலபம், கழிவும் குறைவு.

என்.ஐ.டி. உருவாக வழிவகுத்த 1958 அறிக்கையை எழுதிய அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியும் உடம்பிலிருந்துதான் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களின் காலை அசையாமல் தாங்க, பிளைவுட்டை வளைத்து அணைகட்டை செய்து கொடுத்த அந்த அனுபவம் பிறகு நாற்காலிக்கு உதவியது.

கம்ப்யூட்டர் திரையில் எந்தப் பலகையும் வளையும். 18 மி.மீ. பிளைவுட் பட்டறையில் வளையாது. ஆகவே விடுமுறையில் ஏதாவது ஒரு தச்சுப்பட்டறையில் போய் நில். 8-க்கு 4 அடிப் பலகையில் துண்டுகளை எப்படி அடுக்கினால் மீதம் குறையும் என்று மேஸ்திரியிடம் கேள். விலை அங்கேதான் தீர்மானமாகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் உனக்குக் கிடைப்பதும் திருகாணி, கீல், கால் புஷ் வேலைதான். முகம் சுளிக்காதே.

இப்போதைக்கு ஒரு காரியம் செய். வீட்டில் பாட்டி முதல் தங்கை வரை எல்லோரையும் உட்கார வைத்து, தரையிலிருந்து முட்டியின் பின்மடிப்பு வரை அளந்து எழுதி அனுப்பு. உன் நாற்காலிப் படத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.

அன்புடன்,
அண்ணன்