பெயருக்கு ஏற்ற அடை

கட்டுரை எழுதச் சொன்னால் நம் பிள்ளைகள் ‘நல்ல’, ‘அழகான’ என்ற இரண்டு சொற்களிலேயே பக்கத்தை முடித்துவிடுகிறார்கள். நல்ல வீடு, நல்ல உம்மா, நல்ல மாம்பழம்! பெயர்ச்சொல்லின் தன்மையைச் சொல்லும் இத்தகைய சொல்லே பெயரடை.

அடை கிடைக்காமல் பிள்ளை திணறினால் நாம் சொல்லிக்கொடுக்க வேண்டாம், கேட்போம். மாம்பழம் என்ன நிறம்? என்ன சுவை? தொட்டால் எப்படி? மஞ்சளான, புளிப்பான, கனிந்த என்று தானே சொல்லிவிடும். (‘கனிந்த’ இலக்கணப்படி பெயரெச்சம், இங்கே செய்யும் வேலை ஒன்றுதான்.) ‘ஆன’ சேர்த்தால் பல பெயர்கள் அடையாகும்: உயரமான, ஆழமான. சில அடைகள் பெயரோடு ஒட்டியே இருக்கின்றன. தண்மை என்றால் குளிர்ச்சி. தண்ணீர் என்றாலே குளிர்ந்த நீர்தான். அதை மறந்து நாம் ‘சுடுதண்ணீர்’ கேட்கிறோம்!

கல்வி உதவி மனுக்களிலும் இதே குறைதான். ‘மிகவும் கஷ்டமான குடும்பம்’ என்றே எல்லோரும் எழுதுவதால், யாருக்கு அவசரம் என்பது பரிசீலிப்பவருக்கு விளங்குவதில்லை. ‘படுக்கையில் கிடக்கும் தந்தை, ஒழுகும் ஓட்டு வீடு, பிளஸ் டூ படிக்கும் மகள்’ என்றால் நிலைமை கண்முன் தெரியும். இல்லாததைச் சேர்க்க வேண்டியதே இல்லை. அடுத்த மனுவைப் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். பக்கத்தில் அமர்ந்து கேள்வி மட்டும் கேளுங்கள்.